படிக்க மாட்டேங்கிற பிள்ளைகளும் பதினாறு வயசுப் பிரதியும்

1

"பிள்ளைக படிக்கவே மாட்டேங்குது" என்ற புலம்பலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். பாளையம்பட்டியில் இதை ஆசிரியர் சொல்கிறார், தறி ஓட்டுகிறவர் சொல்கிறார், டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரை வரி விடாமல் வாசித்துவிட்டு மடிக்கிற பெரியவரும் சொல்கிறார். வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது: பிள்ளைகள். பயனிலை இருக்கிறது: மறுப்பு. எதைப் படிக்க மறுக்கின்றன என்கிற செயப்படுபொருளை மட்டும் காணோம். அதை யாரும் தேடுவதும் இல்லை.

'படி' என்ற ஒரு சொல்லுக்குள் நம்மூரில் ரெண்டு வேலை கிடக்கிறது. "என்னப்பா படிக்கிற?" என்று கேட்டால் "ஒம்பதாப்பு" என்று பதில் வரும். கையில் வைத்திருக்கிற புத்தகத்தின் பேரை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கதையைப் படிப்பதும், கணக்குப் பரீட்சைக்குப் படிப்பதும், டிகிரி படிப்பதும் ஒரே வினைச்சொல். 'வாசிப்பு' என்ற இன்னொரு சொல் எழுத்தில் இருக்கிறது. வீட்டில் அதற்குப் புழக்கம் குறைவு. ஆக, பரீட்சையின் மேல் இருக்கிற பயமும் சலிப்பும் அப்படியே கதைப் புத்தகத்தின் மேலும் இறங்கிவிடுகிறது. ஒரு பையனிடம் கதைப் புத்தகம் கொடுத்துப் "படி" என்றால் அவன் காதில் விழுவது தேர்வுத் தேதி.

இதே பிள்ளைகள் நாள் முழுக்க எழுத்துக்குள்தான் நடமாடுகிறார்கள். பஸ் போர்டு, செல்போனில் வருகிற செய்தி, சினிமா போஸ்டர், காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். அருப்புக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு ஃபிளெக்ஸ் முன்னால் நிற்கிற நாலு பையன்களைக் கவனித்தால் தெரியும். யார் படம் பெருசு, யார் பேர் கீழே போயிருக்கிறது, எந்தப் பங்காளி பேர் விடுபட்டிருக்கிறது, அந்தப் பட்டம் அவருக்கு எப்போது வந்தது என்று நுணுக்கமாக வாசிக்கிறார்கள். 'அங்க பாரு, மாமன் பேரக் காணோம்' என்று சொல்கிறவன் பிரதியில் இல்லாததை வாசிக்கிறான். சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் மௌனத்தை வாசிப்பது என்று பெரிய பேராக வைத்துக்கொண்டு செய்கிற வேலை இதுதான். வகுப்புக்குள் போனதும் அதே பையன் 'வாசிப்பில் பின்தங்கிய மாணவன்' ஆகிவிடுகிறான்.

என் கேள்வி இங்கே தொடங்குகிறது. ஃபிளெக்ஸ் முன்னால் அவனுக்கு இருந்த எந்த உரிமை பாடப்புத்தகத்தின் முன்னால் பறிபோகிறது? அவனைப் போன்ற வளரிளம் பருவத்துப் பிள்ளைகளே எழுதிய உண்மைக் கதைகளைக் கொடுத்தால் அந்த உரிமை திரும்ப வருமா?

2

இந்த யோசனை புதுசு இல்லை. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பிய செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1920களில் தெற்கு பிரான்சின் ஒரு கிராமப் பள்ளியில் சின்ன அச்சு எந்திரம் ஒன்றை வாங்கி வைத்தார். பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே அச்சுக் கோத்தார்கள். அதுதான் அவர்களின் வாசிப்புப் புத்தகம். அந்தத் தாள்கள் நாட்டின் இன்னொரு மூலையில், பிரெத்தாஞ் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்குத் தபாலில் போயின; அங்கிருந்து பதில் தாள்கள் வந்தன. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளோடு வேலை செய்த சில்வியா ஆஷ்டன் வார்னர், குழந்தை தானாகக் கேட்கிற சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னதை 1963இல் புத்தகமாக்கினார். பேய், முத்தம் மாதிரிச் சொற்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் மனசில் நின்றன. நியூயார்க்கில் 1980இல் தொடங்கிய 'யூத் கம்யூனிகேஷன்' என்ற அமைப்பு பதின்பருவத்தினரை வைத்தே பத்திரிகை நடத்தியது. பெற்றோரைப் பிரிந்து அரசுப் பராமரிப்பில் வளர்கிற பிள்ளைகள் எழுதுவதற்கென்றே 1993இல் தனி இதழ் வந்தது. அந்தக் கதைகள் வகுப்பறைகளில், படிக்க மறுக்கிற பிள்ளைகளுக்கான பிரதிகளாகப் போயின.

இதற்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படுகிற நியாயம் ஒன்று உண்டு. பிள்ளை தன்னைப் போன்ற ஒருத்தனைக் கதையில் பார்க்கிறது, அடையாளம் கண்டுகொள்கிறது, அதனால் படிக்கிறது. கண்ணாடிக் கோட்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து சாயங்காலங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறோம். பிள்ளைகள் நோட்டில் எழுதின பக்கங்களைப் பேர் எடுத்துவிட்டு நகல் போட்டுச் சுற்றுக்கு விடுவது எங்கள் வழக்கம். அங்கே நான் பார்த்தது கண்ணாடி இல்லை, வழக்காடு மன்றம்.

திருச்சுழி பக்கத்துப் பையன் ஒருவன், அப்பாவோடு கரிமூட்டத்துக்குக் காவல் இருந்த ராத்திரியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். சீமைக்கருவேல் விறகை அடுக்கி, தழை போட்டு, மண் பூசித் தீ வைப்பதெல்லாம் அதில் இருந்தது. நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா மடியில் தூங்கிப்போனதாக முடித்திருந்தான். எதைக் கொடுத்தாலும் முதல் வரியோடு மடித்து வைத்துவிடுகிற இன்னொரு பையன் இதை வாசித்தான். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தான். "இது பொய்யி" என்றான். "வெள்ளப் பொகை வாரப்ப யாரும் தூங்க மாட்டாக. மண்ணு உள்வாங்கி ஓட்ட விழுந்துச்சுன்னா காத்துப் போயி அம்புட்டும் சாம்பலாப் போகும். இவுக அப்பன் தூங்கலைன்னா இவனும் தூங்கிருக்க முடியாது, மண்ணு அள்ளிக் குடுக்க ஆளு வேணும்ல." அதோடு விடவில்லை. எந்த வரியில் பொய் ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினான். 'நட்சத்திரம்' என்ற சொல்லில். அது பாடப்புத்தகத்திலிருந்து வந்தது என்பது அவன் தீர்ப்பு.

இதை நான் வாசிப்பு என்கிறேன். ஒரு பிரதியின் உள்ளே வேறொரு பிரதி நுழைந்த இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிற வாசிப்பு. அந்தப் பையன் "இது என் கதை" என்று சொல்லவே இல்லை. "இது அப்படியில்லை" என்றான். பாரதியாரின் கவிதையைப் பார்த்தோ, விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தோ "பொய்யி" என்று சொல்கிற இடம் அவனுக்குத் தரப்படவில்லை. பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்விகள் அவனுக்கு ஒரே ஒரு இருக்கையைத்தான் போட்டு வைத்திருக்கின்றன: பதில் சொல்கிறவன். அல்தூஸர் 1970இல் பள்ளியைக் கருத்தியல் எந்திரங்களில் தலையாயது என்று எழுதினார். விளிப்பதன் மூலம் தன்னிலை உருவாகிறது என்பது அவர் வாதம். "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்பது அப்படி ஒரு விளி. திரும்பிப் பார்த்தவன் மாணவன் ஆகிறான். திரும்பாதவன் படிக்க மாட்டேங்கிறவன் ஆகிறான். சம வயதுக்காரன் எழுதிய கையெழுத்துப் பக்கத்துக்கு அந்தப் பலம் இல்லை. அதனால்தான் அதோடு சண்டை போட முடிகிறது. அதன் பலவீனம்தான் வாசகனுக்குக் கிடைக்கிற இடம்.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று 1960களின் கடைசியில் ரோலான் பார்த் எழுதியதை நாம் முப்பது வருஷமாகத் திருப்பிச் சொல்லி வந்திருக்கிறோம். கரிசல் காட்டுப் பதினஞ்சு வயசுப் பையன் விஷயத்தில் அந்தச் சாவு அறிவிப்பு கொஞ்சம் அவசரம். இறப்பதற்கு முன்னால் அவன் ஆசிரியனாகப் பிறந்திருக்க வேண்டும்.

3

பதின்பருவத்து உண்மைப் பிரதிக்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. யாரும் அதை அப்படி வாசிப்பதில்லை. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30இல் பிறந்த வேங்கடராமன் என்ற பையன் 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு சின்னக் கடிதம் எழுதி வைத்தான். வயசு பதினாறு. பின்னால் அவர் ரமண மகரிஷி ஆனதால் அந்தத் தாள் ஆன்மிகப் பிரதியாகிவிட்டது. மகரிஷியை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் எழுதிய தாளாக அதைப் பார்க்கலாம்.

பின்னணி நமக்கு ரொம்பத் தெரிந்த பின்னணி. ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்காக மூணு தரம் எழுதி வரும்படி தண்டனை. எழுதிக்கொண்டே இருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அண்ணன் பார்த்துவிட்டு, இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிற தோரணையில் ஒரு சொல் சொன்னார். பள்ளியில் தனி வகுப்பு இருக்கிறது என்று தம்பி கிளம்ப, அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிட்டு வா என்றார் அண்ணன். பையன் மூணு ரூபாயை எடுத்துக்கொண்டு ரெண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்ற தகவலும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. 'நான்' என்று தொடங்குகிற கடிதம் நடுவில் 'இது' என்று மாறுகிறது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பேர் இல்லை; கோடு மட்டும்.

ஞானத்தின் தடயமாக இதை வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். தன்னிலை கரைவதைச் சில வரிகளுக்குள் இலக்கணமாகவே நடத்திக்காட்டிய தமிழ் உரைநடை என்றும் இதை வாசிக்கலாம். பதினாறு வயசுப் பிள்ளைகளிடம் நாங்கள் இதைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் பிடித்துக்கொண்டது ரெண்டையும் இல்லை. "காச மிச்சம் வச்சுட்டுல்ல போயிருக்காரு!" என்றது ஒரு பிள்ளை. வீட்டை விட்டு ஓடுகிறவன் கணக்கு ஒப்படைத்துவிட்டு ஓடுகிறான் என்பது அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. அடுத்த செய்தி இன்னும் முக்கியமாகப் பட்டது. திருவண்ணாமலைக்கு எப்படிப் போவது என்று அந்தப் பையன் பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்திருக்கிறான். பக்கத்து ரயிலடி திண்டிவனம் என்று இருந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போட்ட விஷயம் அந்த அட்லஸில் இல்லை. பாடப் புத்தகம் காலாவதியாகி இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இந்தப் பையனின் வாசிப்புப் பழக்கமும் கவனிக்க வேண்டியது. பாடத்தில் நாட்டமில்லாதவன், வீட்டில் தற்செயலாகக் கிடைத்த பெரியபுராணத்தை ஆசையாக வாசித்தான் என்று அவரது வரலாற்றை எழுதினவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்து வீட்டில் அது கற்பனைக் கதை இல்லை. நாயன்மார்கள் ஊர் பேரோடு, தொழில் பேரோடு இருந்த மனிதர்கள். வண்ணார், குயவர், வேடர், மீனவர். நடந்தது என்று நம்பப்பட்ட கதைகள். 'உண்மைக் கதை' மேல் பதின்வயதுக்கு இருக்கிற பசி நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல.

அந்தக் கடிதம் எந்த ஆசிரியரும் கேட்டு எழுதினதில்லை. 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்காது. பிள்ளைகளை எழுதவைத்துப் படிக்கவைக்கிற திட்டம் போடுகிற எல்லாரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

4

தமிழில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிய கதைகளில் பரவலாகப் போய்ச் சேர்ந்தது இரா. நடராசனின் 'ஆயிஷா'. 1990களில் வந்த குறுநாவல். கேள்வி கேட்கிற ஒரு மாணவி, அவளைக் கொன்றுபோடுகிற கல்வி. அதை வாசித்து அழாத ஆசிரியரை நான் சந்தித்ததில்லை. அழுகிறவர் ஆசிரியர் என்பதுதான் விஷயம். அந்தக் கதையைச் சொல்கிறவரும் ஓர் ஆசிரியை. ஆயிஷா எழுதவில்லை, எழுதப்பட்டாள். கதைக்குள் அவளுக்குக் கேள்வி இருக்கிறது, பேனா இல்லை. இது நாவலின் குறை இல்லை, அதன் அமைப்பு. பெரியவர்களின் குற்றவுணர்வுக்கு எழுதப்பட்ட பிரதி பெரியவர்களைப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது இத்தாலியில் ஃபிளாரன்ஸ் பக்கத்து மலைக் கிராமமான பார்பியானாவின் பிள்ளைகள் எழுதியது. பள்ளியில் பெயிலாக்கப்பட்ட விவசாயி வீட்டுப் பையன்கள் எட்டுப் பேர், லொரென்சோ மிலானி என்ற பாதிரியாரின் பள்ளியில் சேர்ந்து, தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம் 1967இல் புத்தகமாக வந்தது. தமிழில் ஜே. ஷாஜஹான் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்ற பேரில் கொண்டுவந்தார். தலைப்பில் இருக்கிற பேச்சுத் தமிழே பாதி மொழிபெயர்ப்பு விமர்சனம்.

அந்தப் புத்தகத்தில் டாக்டர் மகன் பியெரினோ இருக்கிறான், குடியானவன் மகன் ஜியான்னி இருக்கிறான். ஆனால் 'என் சோகத்தைக் கேளுங்கள்' என்கிற குரல் இல்லை. எந்த வகுப்பில் எத்தனை பேர் கழித்துக்கட்டப்பட்டார்கள், அவர்களின் அப்பாக்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டுகிறார்கள். எழுதிய முறையையும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு யோசனைக்கு ஒரு துண்டுத்தாள். எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, ஒன்று போல் இருப்பதைத் தள்ளி, ஒரு பொருளில் வருவதைக் குவியலாக்கி, குவியலை அத்தியாயமாக்கி, பிறகு சொல் சொல்லாக வெட்டி, வெளியாளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டிப் புரியாத இடத்தைத் திருத்துவது. எட்டுப் பேர் அனுபவமும் கரைந்து ஒரு 'நாங்கள்' உருவாகிறது. கதை வழக்காக மாறுகிறது.

இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு 'பிள்ளைகளின் உண்மைக் கதை' என்று பேசினால் ஒரு கண்ணியில் போய் விழுவோம். மிஷேல் ஃபூக்கோ 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் (1976) மேற்கத்திய மனிதன் வாக்குமூலம் கொடுக்கிற மிருகமாகிவிட்டான் என்கிறார். பேசச் சொல்வதும் அதிகாரம்தான். பேசுகிறவனிடம் இல்லாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் சேர்கிற அதிகாரம். "உன் கஷ்டத்த எழுதுப்பா" என்று ஒரு பிள்ளையிடம் கேட்கிறபோது நாம் எந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறோம்? அப்பா குடிப்பது, அக்கா மில் வேனில் போவது, பட்டாசு ஆலையில் கை கருகியது என்று எழுதுகிற பிள்ளைக்குக் கைதட்டல் கிடைக்கிறது. சந்தோஷமாக ஓணான் பிடித்ததை எழுதுகிற பிள்ளையிடம் "இன்னும் கொஞ்சம் ஆழமா யோசி" என்கிறோம். நாலாவது வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கஷ்டம் எழுதப் பழகிவிடுவார்கள். தமிழ்ப் பாடத்தில் 'முன்னுரை, பொருளுரை, முடிவுரை' எழுதப் பழகியது மாதிரி. அப்போது உண்மைக் கதையும் ஒரு கட்டுரைப் பயிற்சி. அதை வாசிக்கிற இன்னொரு பிள்ளை "பொய்யி" என்று மடித்து வைத்தால் அவன் பக்கம்தான் நியாயம்.

சலம் பென்னூர்க்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த பிள்ளைகளைப் பற்றிய முக்கியமான படம். அதைப் பார்த்த நாம் எல்லோரும் பதறினோம், பதறியதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பதற்றத்தையே இன்று ஒரு வகுப்பறை முப்பது நோட்டுகளிலிருந்து கறக்கப் பார்த்தால் அது வேறு விஷயம்.

5

இன்னொரு விஷயம் கோட்பாட்டைவிடப் பக்கத்தில் இருக்கிறது. நியூயார்க் எட்டு மில்லியன் பேர் இருக்கிற ஊர். பேரை மாற்றிவிட்டால் எழுதினவர் யார் என்று தெரியாது. பாளையம்பட்டியில் பேரை எடுத்துவிட்டால் போதுமா? கையெழுத்து தெரியும். "வடக்குத் தெருவில்" என்று ஒரு சொல் வந்தால் எந்தச் சாதி என்று தெரியும். "எங்க அய்யா" என்று எழுதியிருக்கிறானா "எங்க அப்பச்சி" என்று எழுதியிருக்கிறானா என்பதிலேயே பாதி தெரிந்துபோகும். நமது உறவுச் சொற்கள் முகவரிகள்.

ஒரு மாணவி எழுதிக் கொடுத்த பக்கத்தை மறுநாள் காலையிலேயே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். "யாரும் வாசிக்கலல்ல சார்?" என்று கேட்டாள். அதில் என்ன இருந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பலம் கூடும். அந்தப் பலம் எனக்குத் தேவையில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பக் கேட்கிற உரிமை அவளுக்கு இருந்தது என்பதுதான் நாங்கள் நடத்துகிற வாசிப்பின் அடிப்படை விதி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனைக் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுகிற கைக்கயிறு முதல் பள்ளிகளின் பேரில் இருக்கிற சாதி வரை அது பேசியது. கைக்கயிறின் நிறத்தை ஒரே பார்வையில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைத்தான் நாம் 'வாசிக்கத் தெரியாதவர்கள்' என்கிறோம். இந்த ஊர்களில் பதினாறு வயசு உண்மைக் கதையின் மையத்தில் சாதி இருந்தே தீரும். காதல் கதை எழுதினாலும் இருக்கும், கபடி பற்றி எழுதினாலும் இருக்கும். அதை நீக்கிவிட்டு எழுதச் சொன்னால் அது உண்மைக் கதை இல்லை. வைத்து எழுதச் சொன்னால் எழுதின பிள்ளை மறுநாளும் அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும். இந்த இடத்தைத் தாண்டாமல் இத்திட்டத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிற எவரையும் நம்ப முடியவில்லை.

இங்கேதான் ஃப்ரெனேயின் தபால் எனக்கு உபயோகமாகப் படுகிறது. கதை எழுதின ஊரில் வாசிக்கப்படக் கூடாது. குறைந்தபட்சம் முதலில் வாசிக்கப்படக் கூடாது. கரிமூட்டத்துக் கதை பாம்பன் கரையில் இருக்கிற பிள்ளைக்குப் போகட்டும். அங்கிருந்து வலையும் கடலும் இங்கே வரட்டும். வாசகனுக்குத் தெரியாத தொழில், தெரியாத சொல். கரிமூட்டம் என்றால் என்னவென்று பாம்பன் பிள்ளை கேட்டு எழுத வேண்டும். பதில் சொல்ல நம் பிள்ளை இன்னும் துல்லியமாக எழுத வேண்டும். 'நட்சத்திரம்' போன்ற இரவல் சரக்கு அந்தக் கேள்வியில் தானாகக் கழன்றுவிடும். கண்ணாடிக் கோட்பாடு இங்கே முழுசாக உடைகிறது. தன்னைப் போல வயசு, தன்னைப் போல இல்லாத வாழ்க்கை: இந்த ரெண்டும் சேருகிற இடத்தில்தான் வாசிக்கிற ஆசை வருகிறது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது பேச்சுமொழியிலேயே தன் வாழ்க்கையைச் சொன்னார். தமிழ் இலக்கியம் அதை ஏற்றுக்கொண்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சிவப்பு மை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. 'வந்துச்சு' என்பதை 'வந்தது' என்று திருத்துகிறோம். 'அம்புட்டு' அடிபட்டு 'அவ்வளவு' ஆகிறது. கடைசியில் 'எனவே நாம் அனைவரும்' என்று ஒரு வால் ஒட்டப்படுகிறது. திருத்தி முடித்த பிறகு அது ஆசிரியரின் பிரதி. எழுத்துப் பிழை திருத்துவதற்கு நான் எதிரி இல்லை. பிழையும் வழக்கும் வேறு என்று தெரிந்தவர் திருத்த வேண்டும். எந்தத் திருத்தத்துக்கும் எழுதின பிள்ளையின் சம்மதம் வேண்டும்.

6

இதையெல்லாம் தமிழ்நாட்டில் யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது இந்த மாவட்டத்திலும் அது பெரிய அலையாக இருந்தது. கற்றுக்கொடுக்கப் போன தொண்டர்கள் மக்களிடமிருந்து கதையும் விடுகதையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ச. தமிழ்ச்செல்வன் தன் 'இருளும் ஒளியும்' நூலில் அந்த நாட்களைப் பதிந்திருக்கிறார். ச. மாடசாமி வகுப்பறையில் மாணவர் குரலுக்கான இடத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். 2022இல் பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்கென்று 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைக் கொண்டுவந்தது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. மெலிந்த புத்தகம், கொஞ்சம் வரிகள், கடைசியில் கேள்வி இல்லை. அரசாங்கம் அச்சிட்ட புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கேள்வி இல்லாமல் இருப்பது சின்னக் காரியமல்ல; பதில் சொல்கிறவனின் நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

என் விலகல் படிநிலை என்ற உருவகத்தில். நுழைந்து, நடந்து, ஓடிப் பறக்கிறவன் எங்கே போய் இறங்க வேண்டும்? இதை ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: பிள்ளைகளின் எழுத்து ஒரு தூண்டில் புழு, அதைக் காட்டிப் பிடித்து 'நிஜமான' இலக்கியத்துக்கு இழுத்துப் போக வேண்டும். புழுவுக்கு மதிப்பு மீன் கடிக்கிறவரைக்கும்தான். பிள்ளைகள் இதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். நான் பார்த்த வரைக்கும் போக்கு வேறு மாதிரி இருக்கிறது. கரிமூட்டத்தில் பொய் கண்டுபிடித்த பையன் கொஞ்ச நாள் கழித்து பூமணியின் 'வெக்கை'யைக் கேட்டு வாங்கிப்போனான். 1982இல் வந்த நாவல். 2019இல் வந்த 'அசுரன்' படத்தைப் பார்த்திருந்ததால் கேட்டான். மெதுவாக, பல வாரம் எடுத்துக்கொண்டு வாசித்தான். திரும்பக் கொண்டுவந்தபோது அவன் சொன்னது: "படத்துல காட்டாததெல்லாம் இதுல இருக்கு. காட்டுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கையில என்ன திங்கிறதுன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு." இது உயர்ந்த இலக்கியத்துக்கு ஏறின ஏணி இல்லை. சக வயதுக்காரன் பக்கத்தில் விரல் வைத்து "இது அப்படியில்ல" என்று சொன்ன அதே கண்ணோடு பூமணியிடம் போய் "இது அப்படித்தான்" என்று சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பூமணியையும் சோதித்துப் பார்க்கிற உரிமை தனக்கு உண்டு என்பதை அவன் எங்கே கற்றான் என்பது முக்கியம். பேரில்லாத ஒரு ஒன்றரைப் பக்க நகலில் கற்றான்.

ஆகவே நான் கேட்பது சில எளிய காரியங்கள். பிள்ளைகள் எழுதினதை அச்சிடுகிற எந்தப் பக்கத்துக்கும் பக்கத்திலேயே மறுப்பு எழுத இன்னொரு பக்கம் காலியாக விடப்பட வேண்டும். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற உரிமை எழுதினவருக்கு, அச்சாகிற கடைசி நிமிஷம் வரை வேண்டும். பேர் போட வேண்டுமா, எந்தப் பேர் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். கதை முதலில் வெளியூர் போக வேண்டும். மதிப்பெண், சிறந்த கதைக்குப் பரிசு, மேடை, சால்வை எதுவும் கூடாது. பரிசு வந்த அன்றைக்கே கஷ்டம் எழுதுகிற போட்டி தொடங்கிவிடும். துண்டுத்தாள்களைச் சேர்த்து வழக்காக மாற்றுகிற பார்பியானா முறையை ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது செய்துபார்க்க வேண்டும். "பஸ் ஏன் நம்ம ஊர்ல நிக்க மாட்டேங்குது" என்பதில் தொடங்கினாலும் போதும்.

இதனால் படிக்க மாட்டேங்கிற எல்லாப் பிள்ளைகளும் படித்துவிடுவார்களா என்று கேட்கிறார்கள். மாட்டார்கள். பசியோடு வருகிறவன், வேலைக்குப் போய்விட்டு வருகிறவன், எழுத்தே கூட்டத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிவிடப்பட்டவன் ஆகியோரின் பிரச்சினையை ஒரு நகல் தாள் தீர்க்காது. எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுப்பதற்குப் பொறுமையான ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அரசாங்கம் வேண்டும். நான் பேசுவது கூட்டத் தெரிந்தும் மடித்து வைக்கிறவனைப் பற்றி. அவன் சோம்பேறி இல்லை. தன்னிடம் எதுவும் கேட்காத பிரதியை, தனக்கு எதிராகப் பேச இடம் தராத பிரதியை அவன் மறுக்கிறான். அந்த மறுப்பைத் தாளில் எழுதச் சொல்லிக் கேட்டால், அதுவே அடுத்தவன் வாசிக்கத் தொடங்குகிற முதல் பக்கமாக இருக்கும்.